போதைக் கடத்தலும் மரண தண்டனையும்: ஒரு தீர்மானத்தின் வாதமும் அதன் வரம்பும்

போதைப்பொருள் கடத்துவோரைக் கொன்றொழிக்க வேண்டும் என்ற குரல் எழும்போதெல்லாம், அதற்கு இஸ்லாமியச் சட்டத்தின் பெயரால் ஆதரவு தேடப்படுவதை நாம் காண்கிறோம். "ஷரீஆவின் தீர்ப்பும் இதுவே" என்று ஒரு வரியில் சொல்லி விவாதத்தை முடித்துவிடுவது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஹெரோயினால் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் வேதனையை அறிந்த எவரும் இக்குரலின் பின்னாலுள்ள கோபத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. எனினும் ஓர் உயிரைப் பறிக்கும் தீர்ப்பை அல்லாஹ்வின் சட்டத்தின்மீது ஏற்றிச் சொல்வதற்கு முன், அச்சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது, எங்கே நிற்கிறது என்பதை ஆராய்வது அறிவுடையோரின் கடமையாகும்.

இவ்விடயத்தில் சமகால உலமாக்கள் முன்வைத்த வாதங்களுள் மிகவும் வலுவானது, சஊதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபை ஹிஜ்ரி 1407ஆம் ஆண்டில் (1987) நிறைவேற்றிய 138ஆம் இலக்கத் தீர்மானமாகும். அதைப் பெயரளவில் மேற்கோள் காட்டுவோர் பலர். அதன் அமைப்பைக் கவனித்தோர் சிலரே. அத்தீர்மானம் கடத்துபவரையும் பரப்புபவரையும் வேறுபடுத்துகிறது. வெளியிலிருந்து நாட்டுக்குள் போதைப்பொருளைக் கொண்டு வருபவருக்கும், அவ்வாறு தருவித்துப் பரப்புவோருக்கு வழங்குபவருக்கும் மரண தண்டனை என்கிறது. உள்ளூரில் பரப்புபவருக்கோ முதன்முறை சிறை, கசையடி, அபராதம் போன்ற கடுமையான தண்டனைகளையும், குற்றம் மீண்டும் நிகழ்ந்தால் அவரது தீங்கைத் துண்டிக்கும் தண்டனையை, அது மரணமாக இருப்பினும், வழங்கலாம் என்கிறது. இத்தண்டனைகளை நிறைவேற்றுமுன் நீதிமன்ற விசாரணையும் மேன்முறையீடும் முழுமை பெற வேண்டும் என்ற நிபந்தனையையும் அது சேர்த்தே விதிக்கிறது.

இத்தீர்மானத்தின் அடித்தளம் எது? திருக்குர்ஆனிலோ ஹதீஸிலோ போதைக் கடத்தலுக்கென நிர்ணயிக்கப்பட்ட தண்டனை எதுவும் இல்லை. சபையும் அவ்வாறு கோரவில்லை. பூமியில் குழப்பம் விளைவித்தல் என்ற குர்ஆனியக் கருத்தையும், எவனது தீங்கு கொலையாலன்றி நீங்காதோ அவனைக் கொல்லலாம் என்ற இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்களின் கருத்தையும் அது சார்ந்து நிற்கிறது. ஆகவே இது ஹத் அன்று; தஃஸீர் வகையைச் சார்ந்தது. இந்த ஒரு வேறுபாட்டிலேயே விவாதத்தின் பெரும்பகுதி அடங்கியுள்ளது.

முதலில் குழப்பம் விளைவித்தல் என்ற ஆதாரத்தை நோக்குவோம். ஸூரத்துல் மாஇதாவின் 33ஆம் வசனத்தைப் பெரும்பாலான இமாம்கள் ஆயுத பலத்தால் வழிப்பறி செய்து மக்களை அச்சுறுத்தும் ஹிராபா என்ற குற்றத்திற்கே பொருத்தினர். மாலிகி மத்ஹபினர் அதைச் சற்று விரித்தனர். பொருளைப் பறிக்கும் நோக்கில் ஒருவருக்கு மயக்கமூட்டும் பூண்டை ஊட்டுபவனும் முஹாரிபே என்பது அவர்களது சட்ட நூல்களில் காணப்படும் கருத்து. போதைக் கடத்தலை ஹிராபாவோடு இணைக்க விரும்புவோருக்கு இதைவிட நெருங்கிய முன்னுதாரணம் கிடைப்பதரிது. ஆயினும் அங்கே மயக்கப்பட்டவன் ஏமாற்றப்பட்டவன். தன் விருப்பத்திற்கு மாறாகத் தாக்கப்பட்டவன். போதைச் சந்தையில் வாங்குபவனோ, அவன் எவ்வளவு பரிதாபத்திற்குரியவனாயினும், தானே நாடிச் செல்கிறான். இவ்விரண்டுக்குமிடையே உள்ள இடைவெளியைக் கியாஸால் கடப்பது எளிதன்று. மேலும் அதே ஸூராவின் 34ஆம் வசனம், பிடிபடுமுன் தவ்பா செய்தோருக்கு விலக்களிக்கிறது. முந்திய வசனத்தை எடுத்துக்கொண்டு பிந்திய வசனத்தை விட்டுவிடும் சட்டம் எதுவும் இவ்வாதாரத்தை முழுமையாகக் கையாண்டதாகாது.

இரண்டாவதாக, மதுவின் வரலாறு நமக்குச் சொல்வதைக் கேட்போம். போதைப்பொருளுக்கு நேரடி வசனம் இல்லாத நிலையில், அறிவை மயக்கும் தன்மையில் அதற்கு மிக நெருங்கியது மதுவே. ஹஷீஷ் முஸ்லிம் உலகில் பரவிய பின்னர் இமாம் இப்னு தைமிய்யா அதை மதுவோடு சேர்த்து, அருந்துபவனுக்கு மதுவுக்குரிய தண்டனையையே கூறினார். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாஃபிஈ அறிஞர் இமாம் ஸர்கஷீ, ஹஷீஷ் ஹராம் என்பதை நிறுவ ஒரு தனி நூலே இயற்றினார். மதுவோடு தொடர்புடைய பத்துப் பேர்மீது, அதைப் பிழிபவர், சுமப்பவர், விற்பவர் உட்பட, சாபம் உரைக்கப்பட்டதாக ஹதீஸ் உண்டு. ஆயினும் மது விற்றவனுக்கு நபி (ஸல்) அவர்கள் மரண தண்டனை விதித்ததாக எந்தச் செய்தியும் நமக்குக் கிடைக்கவில்லை. கலீஃபா உமர் (ரழி) அவர்கள், மது விற்ற ருவைஷித் என்பவரின் வீட்டை எரித்ததாக அபூ உபைதின் 'கிதாபுல் அம்வால்' கூறுகிறது. வணிகத்தின் இடம் அழிக்கப்பட்டது. வணிகன் உயிரோடு விடப்பட்டான். குடிப்போர் பெருகியபோது அதே உமர் (ரழி) அவர்கள் தோழர்களோடு ஆலோசித்துக் கசையடியை நாற்பதிலிருந்து எண்பதாக உயர்த்தினார்கள். தேவை கருதித் தண்டனையைக் கடுமையாக்கலாம் என்பதற்கு இது சான்று. அக்கடுமை எந்த எல்லையில் நின்றது என்பதற்கும் இதுவே சான்று.

"ஹெரோயின் மதுவைப் போன்றதா? அதன் அழிவு பன்மடங்கு அன்றோ?" என்ற மறுப்பு நியாயமானது. அறிவைப் பாதுகாத்தல் ஷரீஆவின் ஐம்பெரும் நோக்கங்களுள் ஒன்று. ஹெரோயின் அறிவோடு உயிரையும் பொருளையும் குடும்பத்தையும் சேர்த்தே அழிக்கிறது. தீங்கு பெரிதாகும்போது தஃஸீரும் பெரிதாகலாம் என்பதை ஏற்கிறோம். ஆனால் தஃஸீர் உயிரைப் பறிக்கும் அளவுக்குச் செல்லலாமா என்பதில் மத்ஹபுகள் ஒன்றுபடவில்லை. தஃஸீர் ஹத்தின் அளவை எட்டக்கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பொதுவான நிலைப்பாடு. ஹனஃபிகள், மீண்டும் மீண்டும் மூச்சைத் திணறடித்துக் கொல்பவன் போன்றோரை ஆட்சியாளர் 'ஸியாஸா' அடிப்படையில் கொல்ல இடமளித்தனர். மாலிகிகளும் ஹம்பலிகளுள் சிலரும் எதிரிக்கு உளவு சொல்பவன் விடயத்தில் இடமளித்தனர். தமிழ் பேசும் முஸ்லிம்களுள் கரையோரத்தார் பெரும்பாலும் ஷாஃபிஈகள். உள்நாட்டார் பெரும்பாலும் ஹனஃபிகள். ஒரு சாராரின் மத்ஹப் பொதுவாக மறுப்பதையும், மறு சாராரின் மத்ஹப் அரிதான விதிவிலக்காக அனுமதிப்பதையும் "ஷரீஆவின் தீர்ப்பு" என்று ஒரே மூச்சில் அறிவிப்பது அறிவுக்குப் பொருந்துமா?

இடமளித்த இமாம்களும் ஒரு நிபந்தனையோடுதான் இடமளித்தனர்: அவனது தீங்கு வேறு எவ்வகையிலும் நீங்காதிருக்க வேண்டும். நமது விமர்சனத்தின் மையம் இங்கேயே உள்ளது. விமான நிலையத்தில் பையோடு பிடிபட்டுச் சிறையில் அடைக்கப்பட்ட சுமைகாரனின் தீங்கு, பிடிபட்ட அக்கணத்திலேயே நீங்கிவிட்டது. நீங்காதிருப்பது, அவனை அனுப்பியவனின் தீங்கு. அவனோ பெரும்பாலும் வேறொரு நாட்டில், வேறொரு பெயரில், பாதுகாப்பாக இருக்கிறான். இமாம் இப்னு தைமிய்யாவின் சொல் பொருந்தக்கூடியவன் அவன். தூக்குமேடை ஏறுபவனோ பெரும்பாலும் இவன்.

நவீனச் சட்டங்கள் இந்த இடைவெளியை எவ்வாறு நடத்துகின்றன என்பதைப் பார்ப்போம். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேற்பட்ட தூய ஹெரோயினைக் கடத்தினால் மரண தண்டனை என்பது விதி. 2012இல் திருத்தப்பட்ட சட்டம், வெறும் சுமைகாரராக மட்டும் செயற்பட்டு, அதிகாரிகளுக்குக் கணிசமான உதவி செய்ததாக அரசு வழக்குத்தொடுநரின் சான்றிதழ் பெற்றவருக்கு உயிர்தப்பும் வாய்ப்பை அளித்தது. மேலிருப்போரை அறிந்தவன் தகவல் கொடுத்துப் பிழைக்கலாம். எதையும் அறியாத அடிமட்டத்தவனிடம் கொடுப்பதற்கு எதுவும் இல்லை. குற்றத்தில் குறைந்த பங்குடையவனுக்குக் கூடுதல் தண்டனை என்ற முரண் இதனால் விளைகிறது. 2009இல் ஏறத்தாழ 43 கிராம் ஹெரோயினைத் தொடையில் கட்டிக்கொண்டு வந்து பிடிபட்ட மலேசியத் தமிழ் இளைஞர் ஒருவரின் நுண்ணறிவு ஈவு 69 என விசாரணையில் மதிப்பிடப்பட்டது. உலகெங்கிலும் எழுந்த வேண்டுகோள்களுக்குப் பின்னரும் 2022 ஏப்ரலில் அவர் தூக்கிலிடப்பட்டார். புத்திக்குறைவுள்ளவனின் பொறுப்பைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் பேசும் நுணுக்கத்தை அறிந்தோர், இத்தகைய தீர்ப்பை இஸ்லாத்தின் பெயரால் பாராட்டத் தயங்குவர்.

மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகர மருந்துச் சட்டம் 1983இல் கட்டாய மரண தண்டனையை ஏற்றது. ஒருவரின் பொறுப்பில் பொருள் காணப்பட்டால் அதை அவர் அறிந்தே வைத்திருந்தார் என ஊகிப்பதும், குறித்த அளவைத் தாண்டினால் கடத்தவே வைத்திருந்தார் என மேலும் ஊகிப்பதும் அங்கே நடைமுறையாயிற்று. ஊகத்தின்மேல் ஊகம் அடுக்கும் இம்முறையை அந்நாட்டின் கூட்டரசு நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தள்ளியது. இங்கு நமக்கு நினைவுக்கு வர வேண்டியது, சந்தேகம் இருக்குமிடத்தில் ஹத்தைத் தவிர்த்துவிடுங்கள் என்ற நெறி. மன்னிப்பதில் தவறுவது தண்டிப்பதில் தவறுவதைவிட மேல் எனப் பொருள்படும் அந்த ஹதீஸின் தொடர் பலவீனமானது என முஹத்திஸ்கள் கூறினும், நெறி என்ற வகையில் நான்கு மத்ஹபுகளும் அதை ஏற்றுள்ளன. இறைவனே நிர்ணயித்த தண்டனையைச் சந்தேகம் நிறுத்துமானால், மனிதர் நிர்ணயித்த தண்டனையைச் சந்தேகமே நிறைவேற்றி வைப்பது எங்ஙனம் தகும்?

இனி, கட்டாயம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கொலைக்குக் கிஸாஸை விதித்த குர்ஆன், கொல்லப்பட்டவனின் உரிமையாளருக்கு மன்னிக்கும் வாசலையும் உடன் திறந்துவைத்தது. ஹிராபாவுக்குத் தவ்பாவின் வாசல் உண்டு. தஃஸீரோ இயல்பிலேயே நீதிபதியின் மதிப்பீட்டுக்கு விடப்பட்டது: குற்றவாளியின் நிலை, நோக்கம், முன்வரலாறு ஆகியவற்றை எடைபோடுவதே அதன் உயிர். ஆகவே கட்டாய தஃஸீர் என்பது தன்னைத்தானே மறுக்கும் சொற்றொடர். தராசில் காட்டும் கிராமைக் கொண்டு மட்டும் உயிரைத் தீர்மானிக்கும் சட்டம், கொலையாளிக்குக் கிஸாஸ் தரும் அளவு வாசலைக்கூடச் சுமைகாரனுக்குத் தருவதில்லை. இந்தியாவின் போதைப்பொருள் சட்டத்தில் 1989இல் மீள்குற்றவாளிகளுக்கெனச் சேர்க்கப்பட்ட கட்டாய மரண தண்டனையைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2011இல் ஏற்க மறுத்து, அதை நீதிபதியின் விருப்பத்திற்குரியதாக வாசித்தது. 2014இல் சட்டமே அவ்வாறு திருத்தப்பட்டது. மலேசியா 2023இல் கட்டாயத் தண்டனையை நீக்கி, மரணத்தை எதிர்நோக்கியிருந்தோரின் வழக்குகளை மீளாய்வு செய்யவும் வழிவகுத்தது. அதே ஆண்டில் பாகிஸ்தான் போதைக் குற்றங்களுக்கான மரண தண்டனையையே நீக்கிற்று. இந்தோனேசியா 2022 டிசம்பரில் நிறைவேற்றிய புதிய தண்டனைச் சட்டம், மரண தண்டனை பெற்றவருக்குப் பத்தாண்டு நன்னடத்தைக் காலத்தை வழங்கியது. இவற்றை இயற்றியோர் ஃபிக்ஹை நாடிச் சென்றார்கள் என்று நாம் சொல்லவில்லை; அவர்கள் வந்து சேர்ந்த இடம் ஃபிக்ஹுக்கு அந்நியமானதன்று என்றே சொல்கிறோம்.

"கொலையன்றி வேறு வழியில்லை" என்பதன் மெய்ம்மையை ஈரானின் அனுபவம் சோதித்துக் காட்டியது. பல்லாண்டுகளாக ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் அங்கே இக்குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டனர். இவ்வழி பயன் தரவில்லை என்ற குரல் அந்நாட்டின் நீதித்துறைக்குள்ளிருந்தே எழுந்தது. 2017இல் சட்டம் திருத்தப்பட்டு, ஹெரோயினுக்கான மரண தண்டனை எல்லை 30 கிராமிலிருந்து 2 கிலோவாக உயர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டில் தூக்குகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் 2021க்குப் பின் எண்ணிக்கை மீண்டும் நூற்றுக்கணக்கில் ஏறிற்று. மறுபுறம், ஆப்கானிஸ்தானில் 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சாகுபடித் தடைக்குப் பின், 2023இல் அபின் பயிரிடப்பட்ட நிலப்பரப்பு 95 சதவீதம் வீழ்ந்ததாக ஐக்கிய நாடுகள் அவையின் போதைப்பொருள் அலுவலகம் மதிப்பிட்டது. அத்தடையின் சுமையை ஏழை விவசாயிகளே சுமந்தனர் என்பதையும் மறைக்கலாகாது. எனினும் அண்மைக்காலத்தின் மிகப்பெரிய வழங்கல் வீழ்ச்சி சுமைகாரர்களைத் தூக்கிலிட்டதால் வந்ததன்று. ஊற்றுக்கண்ணை அடைத்ததால் வந்தது. உயிர் கண்ணியத்திற்குரியது என்பதே அடிப்படை விதி. விதிவிலக்கைக் கோருவோரே ஆதாரம் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

சபையின் தீர்மானம் நடைமுறையில் என்னவாயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ மூன்றாண்டு இடைநிறுத்தத்தின் பின் 2022 நவம்பரில் சஊதி அரேபியாவில் போதைக் குற்றங்களுக்கான மரண தண்டனைகள் மீண்டும் தொடங்கின; 2024, 2025 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் அவை நூறைத் தாண்டின. கடந்த பத்தாண்டுகளில் இவ்வாறு கொல்லப்பட்டோருள் பெரும்பாலோர் வெளிநாட்டவர். பாகிஸ்தானியரும் யமனியரும் சிரியரும் சோமாலியரும் அவர்களுள் அடங்குவர். தீர்மானம் நுழைவாயிலில் நிற்பவனைக் கடத்துபவன் என வரையறுத்தது. நுழைவாயிலில் நிற்பவனோ எப்போதும் ஏழையாகவே இருக்கிறான். வலியோன் திருடினால் விட்டுவிட்டு எளியோன் திருடினால் தண்டித்ததே முன்னைய சமூகங்களின் அழிவுக்குக் காரணம் என்ற நபிமொழியை உலமாக்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

நமது முடிவு இதுவே. பெரும் வலையமைப்பை நடத்தி, கொலையும் கொடுமையும் செய்து, சிறையிலிருந்தும் தீங்கை நிறுத்தாத ஒருவன் விடயத்தில் இமாம்களின் கருத்து வேறுபாடு இருந்துவருகிறது. அவ்விவாதத்தை நாம் மூடவில்லை. ஆனால் சுமைகாரனையும், தன் பழக்கத்திற்காக விற்பவனையும், அறியாமலும் வறுமையாலும் சிக்கியவனையும் எடையை மட்டும் பார்த்துக் கொல்வதற்கு ஷரீஆவின் பெயரைப் பயன்படுத்த இடமில்லை. அவர்களுக்குக் கடுமையான சிறையும், கடத்தலால் ஈட்டிய செல்வத்தைப் பறிமுதல் செய்தலும், அடிமைப்பட்டோருக்குச் சிகிச்சையும் தஃஸீரின் பரப்பினுள்ளேயே உள்ளன. ஜும்ஆ மேடைகளில் இப்பிரச்சினையைப் பேசுவோர், தூக்குக்கயிற்றைக் கோருவதற்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியையேனும், மஹல்லாவில் அடிமைப்பட்டுக் கிடக்கும் இளைஞனைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வது யார் பொறுப்பு என்று கேட்பதற்குச் செலவிடட்டும். அவனைக் காப்பாற்றுவது பர்ளு கிஃபாயா; ஒருவரும் செய்யாதபோது அக்குற்றம் முழு மஹல்லாவையும் சாரும்.