ரெக்கார்டு நோட்டும் எழுத்துப் பயிற்சியும்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, பொறியியல் மாணவர்கள் முதல் இரண்டு பருவங்களிலும் ‘புரொபஷனல் இங்கிலீஷ்’ படித்தார்கள். மின்னஞ்சல் எழுதுவது, ஒரு கருவி இயங்கும் விதத்தை விவரிப்பது, வரைபடத்தைப் பார்த்துப் பத்தியாக்குவது என்று பாடத்திட்டம் நடைமுறைத் தேவையை உணர்ந்தே அமைந்திருந்தது. பேச்சுப் பயிற்சிக்குத் தனி ஆய்வகமும் இருந்தது.

அந்த ஆய்வகத்தின் அருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தமிழ்வழியில் படித்து, 2021 முதல் நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளை, வகுப்பின் முன் நின்று இரண்டு நிமிடம் பேசுகிறாள். குரல் நடுங்கினாலும் அடுத்த வாரமும் பேசுகிறாள். இதை இறுதியாண்டு வரை தள்ளிப்போடாமல் முதலாண்டிலேயே தொடங்குவதுதான் சரி.

எழுத்துக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைப்பதில்லை. 2021 ஒழுங்குமுறையில் 60 மதிப்பெண் பருவத் தேர்வுக்குப் போனது. அங்கே எழுதியது எழுதியதுதான். எந்த வாக்கியம் குழப்பியது என்று யாரும் சொல்வதில்லை. திருத்தி எழுதும் வேலையும் இல்லை. திருத்தாமல் யாருக்கு எழுத்து வந்திருக்கிறது?

இதைவிடப் பெரிய பாடம் வேறோர் அறையில் நடக்கிறது. முதலாண்டு மாணவர் அதிகம் எழுதுவது ஆங்கில வகுப்பில் அல்ல, இயற்பியல், வேதியியல் ரெக்கார்டு நோட்டில். நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, முடிவு எல்லாம் பெரும்பாலும் சீனியரின் நோட்டிலிருந்து வரி மாறாமல் இறங்குகின்றன. அளவீடு ஏன் பிசகியது என்று தன் சொல்லில் எழுத அதில் இடமே இல்லை. எழுத்து என்றால் பார்த்து எழுதுவது என்ற பழக்கத்தை வாரந்தோறும் அந்த நோட்டு ஊன்றிவிடுகிறது. வாரம் சில மணி நேர ஆங்கில வகுப்பு அதை எப்படிப் பிடுங்கும்?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2001-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து வேறு வழியை வகுத்தது. எழுத்தும் பேச்சும் செறிந்த நான்கு பாடங்களை எல்லாரும் முடிக்க வேண்டும். அவற்றில் இரண்டு அவரவர் துறைப் பாடங்கள். மற்ற இரண்டு மானுடப் புலங்கள், கலை, சமூக அறிவியல் துறைகளில். இந்தப் பிந்தைய இரண்டு ஒவ்வொன்றிலும் ஒரு கட்டுரையையாவது திருத்தி மீண்டும் தர வேண்டும். அங்குள்ள வசதி நமக்கில்லை என்பது உண்மை. ஆனால் ரெக்கார்டைப் பார்த்துக் கையெழுத்திடும் ஆசிரியர் இங்கே ஏற்கெனவே இருக்கிறார். பருவத்துக்கு ஒரே ஒரு சோதனையை மட்டும் சொந்தமாக எழுதச் சொல்லி, குறிப்போடு திருப்பித் தந்து, மறுபடி வாங்கலாம். முதல் வரைவு தமிழில் இருந்தாலும் ஏற்கலாம். சிவில், மெக்கானிக்கல் படிப்புகளை 2010-இலேயே தமிழ்வழியில் தொடங்கிய பல்கலைக்கழகம் இதற்குத் தயங்க வேண்டியதில்லை. சிந்தனை தெளிவாக இல்லாததையும் ஆங்கிலம் வராததையும் ஒரே குறையாக எண்ணுவதால்தான் நல்ல மூளைகள் பின்வரிசையில் வாய்மூடி உட்கார்ந்திருக்கின்றன.

குழுப்பணியிலும் சொந்தச் சிந்தனைக்கு இடமில்லாத இதே கோளாறு. ‘ஜி.டி.’ எனப்படும் குழு விவாதம் வளாகத் தேர்வுக்கான ஒத்திகையாகிவிட்டது. அதில் முந்திப் பேசுபவர் வெல்கிறார். கேட்பவருக்கு மதிப்பெண் இல்லை. குழுவாகச் செய்யும் புராஜெக்டில் ஒருவர் இரவு கண்விழிக்க, நான்கு பெயர்கள் அட்டையில் ஏறுகின்றன. யார் எதைச் செய்தார்கள் என்று ஒவ்வொருவரும் தனித்தாளில் பத்து வரி எழுதித் தரட்டும். அந்தப் பத்து வரியை சீனியரின் நோட்டில் தேட முடியாது.