தூய்மை என்னும் சொல்லின் இரு பொருள்கள்
வேட்டை இலக்கியம் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

வேட்டையைப் பற்றி இலக்கியங்கள் நிரம்பப் பேசியுள்ளன. விலங்கைத் தேடுதல், துரத்துதல், வீழ்த்துதல் ஆகியன கவிஞர்க்கும் கதைஞர்க்கும் உவப்பான பொருள்களாக இருந்துவந்துள்ளன. ஆயின், விலங்கு வீழ்ந்த பின்னர் அதனை உணவாக்கும் உழைப்பு ஒன்று உண்டு. அவ்வுழைப்பை எந்த இலக்கியம் கண்டது, எது காணாது விட்டது என்னும் வினா நமது விமர்சனத்தில் போதிய இடம்பெறவில்லை. நோர்வூட்டிலே, தேயிலை மலைகளுக்கு மேலே எஞ்சி நிற்கும் காட்டுத் துண்டுகளை நோக்கும் ஒருவருக்கு இவ்வினா வெறும் ஏட்டு வினாவன்று.

முதலில் அவ்வுழைப்பு எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். மான், மரை முதலியன அசைபோடும் விலங்குகள். அவற்றின் பெரிய இரைப்பையிலே தழையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் நிறைந்துள்ளன. உயிர் நீங்கியதும் இரைப்பை உப்பத் தொடங்கும். உடற்சூடு இறைச்சியைக் கெடுக்கத் தொடங்கும். எனவே காலந்தாழ்த்தாது வயிற்றுத் தோலை ஆழமற்ற கீறலாகத் திறத்தல் வேண்டும். கத்தியின் முனையை மேனோக்கிப் பிடித்து, அதற்கும் குடலுக்கும் இடையே விரல்களை வைத்துக் கீறுவர். மலக்குடலைச் சுற்றி அறுத்துக் கட்டி, சிறுநீர்ப்பை உடையாமல் எடுத்து, மூச்சுக்குழலை மேலே துண்டித்து, உள்ளுறுப்புகளை ஒருசேர வெளியே இழுப்பர். பின்னர் உடற்கூட்டைத் திறந்து காற்றுப்படச் செய்வர். குடல் கிழிந்தால் இறைச்சி கெடும். இங்கே தூய்மை என்பது கையின் பயிற்சி, காலத்தைப் பற்றிய அறிவு, உண்ணப் போகிறவர் மீதுள்ள பொறுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததாகும்.

சங்க இலக்கியம் இவ்வுழைப்பை முற்றாக மறைத்துவிடவில்லை. புறநானூற்றின் 150 ஆம் பாடலில், பசித்துத் தளர்ந்திருந்த வன்பரணரின் முன்னே மான் கூட்டத்தை வேட்டையாடிய ஒருவன் வருகிறான். தன்னுடன் வந்தோர் வந்து சேருமுன்னரே, தானே தீ மூட்டி இறைச்சியைச் சுட்டுப் புலவருக்கும் அவர் சுற்றத்துக்கும் அளிக்கிறான். தன் பெயரையும் சொல்லாது செல்கிறான். அவனே கண்டீரக் கோப்பெருநள்ளி என்பது பின்னரே தெரியவருகிறது. தலைவனுக்கும் தீக்கும் இறைச்சிக்கும் இடையே ஏவலர் எவரும் நிற்காத நிலை இங்கே சிறப்பாகப் பாடப்பட்டுள்ளது. பாடற்பொருள் கொடையே என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அக்கொடை கையுழைப்பின் வழியாகவே நிகழ்கிறது என்பது நோக்கற்பாலது.

பெரியபுராணத்தின் கண்ணப்பர் வரலாறு இதனினும் நுணுக்கமானது. சேக்கிழாரின் திண்ணன் வீழ்த்திய பன்றியின் நல்ல தசைகளைத் தேர்ந்து தீயில் வாட்டுகிறான். வாயிலிட்டுப் பதம் பார்த்து, இனியதை மட்டும் இலையிலே சேர்க்கிறான். பிற்றை நாளில் இறைச்சியுடன் தேனும் கலக்கிறான். இதனைக் கண்ட நாணனும் காடனும் அவனைத் தெய்வப் பித்துக் கொண்டவன் எனக் கருதுகின்றனர். அவர்களது கலக்கத்திற்குக் காரணம் என்ன? அவன் தானும் உண்ணவில்லை, தமக்கும் தரவில்லை என்பதே. வேட்டையிற் கூடியவர் இறைச்சியைப் பகுத்துண்ணுதல் வேடர் சமுதாயத்தின் நியதி என்பதை இவ்விடம் நமக்கு மறைமுகமாக உணர்த்துகிறது.

மறுபுறத்தே சிவகோசரியார் நிற்கிறார். திருமுன் கிடந்த இறைச்சியையும் எலும்பையும் கண்டு பதறி, அவற்றை அகற்றித் தூய்மை செய்கிறார். இவ்விருவரையும் அன்புக்கும் ஆகமத்துக்கும் இடையேயான முரணாகக் காண்பதே மரபான விளக்கம். அதனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது போதுமானதன்று. ஈண்டு மோதுவன தூய்மை பற்றிய இரு கருத்துகள். தேர்ந்து, சுட்டு, சுவைத்துப் பார்க்கும் தொழிலாளியின் தூய்மை ஒன்று. தொடாதிருத்தலையே அடிப்படையாகக் கொண்ட சாதியாசாரத்தின் தூய்மை மற்றையது. சேக்கிழார் முதலாவதை உயர்த்துகிறார் என்பது அவரது பெருமை. ஆனால் அவ்வுயர்வு திண்ணன் தன் கண்ணை இடந்து அப்பிய பின்னரே உறுதிப்படுகிறது. அவன் நாயனாராகிறான், அவன் கைத்தொழிலோ இழிந்ததாகவே எஞ்சிவிடுகிறது. புராணத்தின் வரலாற்று வரம்பு இதுவே எனலாம்.

இறைச்சியும் தேனும் சேர்வதை இலங்கை வரலாற்றிலும் காண்கிறோம். 1681 இல் வெளிவந்த தமது நூலிலே றொபேட் நொக்ஸ், இந்நாட்டு வேடர் மரப்பொந்திலே தேனை ஊற்றி, அதனுள் இறைச்சியையிட்டுக் களிமண்ணால் அடைத்துப் பேணுவதைக் குறிப்பிடுகிறார். காளத்திக் கதைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு காட்ட முயல்வது பொருந்தாது. ஆயினும் வேட்டைச் சமுதாயத்தினர் அறியாமையில் வாழ்ந்தவரல்லர், இறைச்சியைக் கெடாது காக்கும் அறிவு படைத்தவர் என்பதற்கு இது சான்றாகும்.

இனி மலையகத்துக்கு வருவோம். 1848 இல் நுவரெலியாவில் குடியேறி 1855 வரை தங்கியிருந்த சாமுவேல் பேக்கர், ‘இலங்கையில் துப்பாக்கியும் வேட்டைநாயும்’ (1854), ‘இலங்கையில் எட்டாண்டு அலைவுகள்’ (1855) என்னும் பொருள்படும் தலைப்புகளில் ஆங்கில நூல்களை எழுதினார். அவர் கோழையுமல்லர், கத்தியைத் தொடத் தயங்கியவருமல்லர். நாய்கள் மடக்கிய மரையை நெருங்கிக் கத்தியாலேயே கொன்றவர். அவருடைய எழுத்தின் விறுவிறுப்பையும் ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆனால் அவ்வெழுத்தின் விகிதத்தைக் கவனித்தல் தகும். துரத்தலும் கொலையும் பக்கங்களை நிறைக்கின்றன. அதன் பின்னர் நிகழும் அறுப்பும் சுமப்பும் ஓரிரு சொற்களில் முடிந்துவிடுகின்றன. நாய்களுக்குப் பெயருண்டு, குணமுண்டு, இறப்பின்போது இரங்கலுமுண்டு. இறைச்சியைச் சுமந்தவரோ பெரும்பாலும் ‘கூலிகள்’, ‘சுதேசிகள்’ என்னும் பொதுப் பெயருக்குள் மறைகின்றனர். மரையைக்கூடத் துரைமார் ‘எல்க்’ என்ற ஐரோப்பிய மானின் பெயராலேயே அழைத்தனர். உணவுக்கான உழைப்பாக இருந்த வேட்டை, ஓய்வுள்ள வர்க்கத்தின் விளையாட்டாக மாறியபோது, எழுத்தின் விகிதமும் மாறியது.

அதே காலப்பகுதியில்தான் கோப்பிக்காகக் காடு அழிக்கப்பட்டது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்திய பின்னர் தேயிலை அவ்விடத்தைப் பற்றியது. காட்டை வெட்டியவரிற் பலரும் கொழுந்து பறித்தவரிற் பெரும்பாலோரும் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர். 1894 இல் வேட்டை விலங்குகளைக் காக்கும் சங்கத்தை அமைப்பதற்கு முன்னின்றோரிலோ தோட்டத்துரைமாரும் வேட்டைக்காரரும் இருந்தனர். முதலில் அழித்து, பின்னர் காவலராகும் வாய்ப்பும் அவ்வர்க்கத்துக்கே கிட்டிற்று.

மலையக இலக்கியம் லயத்தையும் மலையையும் பிரட்டுக் களத்தையும் உண்மையுடன் பதிவுசெய்துள்ளது. சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் ஆகியோரின் பணி பெரிது. எனினும் அதன் உலகம் பெரும்பாலும் தேயிலை வரிசையின் எல்லையிலே நின்றுவிடுகிறது. எல்லைக்கு அப்பாலுள்ள காட்டோடு தொழிலாளி கொண்ட உறவு, அச்சம், அறிவு, பசி ஆகியன இன்னும் விரிவான ஆக்கத்தை வேண்டி நிற்கின்றன. விலங்கை அறுக்கும் தொழிலைச் சாதியோடு பிணைத்து இழிவாகக் காணும் மனப்பாங்கு நம்மவரிடமும் உண்டு. துரையின் பார்வையை மட்டும் குறைகூறி இதனை மறைப்பது நேர்மையாகாது.

இவ்வாறு கூறுவது இன்று வேட்டையை ஆதரிப்பதாகாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மரை பாதுகாக்கப்பட்ட விலங்காகும். காடு சுருங்கிய மலையகத்தில் அச்சட்டம் தேவையானதே. தோட்டங்களின் ஓரத்தில் கட்டப்படும் கம்பிக் கண்ணிகளோ பன்றி, கேளையாடு, சிறுத்தை என வேறுபாடு அறியாதவை. 2020 மே மாதத்தில் மஸ்கெலியாவை அடுத்த நல்லதண்ணிப் பகுதியில் கருஞ்சிறுத்தை ஒன்று கண்ணியில் அகப்பட்டு, சில நாள்களில் இறந்தது. கண்ணி வேட்டைக் கலையின் தொடர்ச்சியன்று, அதன் சிதைவு. அங்கே விலங்கு நெடுநேரம் துடிக்கிறது. உரிய வேளையில் தொடும் கை அருகில் இல்லை. மேலே கூறிய மூன்று பொறுப்புகளும் அறுந்துபோகின்றன.

ஆனால் கண்ணியைக் கண்டிக்கும் நகரத்து எழுத்து, அதே மூச்சில் தோட்டத் தொழிலாளியைக் கொடியவனாகச் சித்திரித்து, பேக்கரின் நூலை வீரசாகசமாகப் படிப்பதை நாம் ஏற்க முடியாது. பொழுதுபோக்குக்காக மலைகளைக் குருதியாக்கியவனுக்கு நூலகத் தட்டிலே இடமும், பயிரை அழிக்கும் பன்றிக்குக் கம்பி கட்டியவனுக்குச் செய்தித்தாளிலே வசையும் என்பது நீதியாகாது. இருவரின் செயலும் ஒரே அளவுகோலால் அளக்கப்படல் வேண்டும்.

இலக்கிய விமர்சனத்தின் கடமை இவ்விடத்தே தெளிவாகிறது. ஒரு படைப்பு வேட்டையைக் காட்டும்போது, அம்பையோ துப்பாக்கியையோ ஏந்திய கையை மட்டும் நோக்கினால் போதாது. வயிற்றைத் திறந்த கை எது, சுமந்த தோள் எது, பங்கு பெற்றவர் யார், பெறாதவர் யார் எனக் கேட்டல் வேண்டும். பெயர் சொல்லாது இறைச்சி தந்த நள்ளியின் பெயரைத் தமிழ்ப் புலவர் தேடிக் கண்டறிந்து பாடினார். பெயர் கேட்கப்படாமலே சுமந்து சென்றவர்களின் பெயர்களைத் தேடுவது நமது பணி.