வெல்லம் எங்கே போகிறது?

சிவகாசிப் பக்கம் ‘மருந்து’ என்றால் இரண்டு பொருள். டாக்டர் எழுதிக் கொடுப்பது ஒன்று. பட்டாசுக்குள் செலுத்துவது இன்னொன்று. எங்கள் ஊர்களில் இரண்டாவதுதான் அதிகம் புழங்கும். பல வருடம் மருந்து செலுத்தும் வேலை பார்த்த என் அத்தை ஒருவர் சொல்வார்: “வேலை முடிஞ்சு ரெண்டு பழம் தின்னுட்டா போதும்யா, உள்ள போன மருந்தெல்லாம் எறங்கிரும்.” பழத்துக்குப் பதில் வெல்லம் என்பவர்களும் உண்டு. பஞ்சாலை, சிமென்ட் ஆலை, கல்குவாரி என்று தூசி பறக்கும் இடங்களில் எல்லாம் இந்த வெல்ல வைத்தியம் இருக்கிறது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் தில்லி புகையில் மூழ்கும்போது இதே வைத்தியம் வாட்ஸ்அப்பில் வருகிறது. ‘நுரையீரல் தூசியை வெல்லம் வெளியேற்றும், ஆராய்ச்சியில் நிரூபணம்.’ தமிழுக்கு வரும்போது வெல்லம் கருப்பட்டியாகவும் மாறிவிடுகிறது. இதை மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த ஆராய்ச்சி நிஜமாகவே இருக்கிறது. அதை எடுத்து வாசிப்பதுதான் நியாயம்.

1994-இல் ‘என்விரான்மென்டல் ஹெல்த் பெர்ஸ்பெக்டிவ்ஸ்’ இதழில் வந்த கட்டுரை அது. எழுதியவர்கள் சாஹு, சக்சேனா. லக்னோவில் இருந்த இண்டஸ்ட்ரியல் டாக்ஸிகாலஜி ரிசர்ச் சென்டரின் விஞ்ஞானிகள். தூசியிலும் புகையிலும் வேலை செய்பவர்கள் வெல்லம் சாப்பிட்டால் உபாதை தெரிவதில்லை என்ற கவனிப்பிலிருந்து தொடங்குகிறார்கள். எலிகளின் மூச்சுக்குழாய் வழியாக 50 மில்லிகிராம் நிலக்கரித் தூசியையோ சிலிக்கா தூசியையோ ஒரே ஒருமுறை செலுத்துகிறார்கள். பிறகு ஒரு எலிக்கு அரை கிராம் வெல்லம், வாரம் ஐந்து நாள், 90 நாட்களுக்கு. வெல்லம் தின்ற எலிகளின் நுரையீரலில் சேதம் குறைவாக இருந்தது. சிலிக்காவால் வரும் முடிச்சுகளைக் காணவில்லை. நிலக்கரித் துகள்கள் நுரையீரலிலிருந்து கூடுதலாக நகர்ந்திருந்தன. தூசியில் வேலை செய்பவர்களுக்கு வெல்லம் ஒரு பாதுகாப்பாக இருக்கச் சாத்தியம் உண்டு என்று முடிக்கிறார்கள். ‘சாத்தியம்’ என்றுதான் எழுதினார்கள். ‘நிரூபணம்’ என்பது நாம் சேர்த்தது.

முதலில் கட்டுரைக்கு நியாயம் செய்துவிடுகிறேன். ஒரு எலி 200 கிராம் என்று வைத்தால், அரை கிராம் என்பது கிலோவுக்கு 2.5 கிராம். 60 கிலோ மனிதருக்கு 150 கிராம் வெல்லமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் எலியின் அளவை மனிதருக்கு அப்படி நேராகப் பெருக்கக் கூடாது. வழக்கமான கணக்கில் சுமார் ஆறால் வகுப்பார்கள். 25 கிராம் வருகிறது. ஒரு சின்னக் கட்டி. ஆக, அளவை வைத்து இந்த ஆய்வை அடிக்க முடியாது. சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, துகள்கள் எங்கே நகர்ந்தன? மூச்சுக்குழாயை ஒட்டிய நிணநீர் முடிச்சுகளுக்கு. உடம்பைவிட்டு வெளியே அல்ல. ‘எறங்கிரும்’ என்று அத்தை சொல்வது வேறு, இது வேறு. நாம் விழுங்கும் வெல்லம் உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்குப் போகிறது. தூசியோ மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலின் காற்றறைகளுக்குப் போகிறது. நிணநீர் முடிச்சில் சேரும் சிலிக்கா அங்கேயும் தழும்பை உண்டாக்கும். சிலிகோசிஸ் நோயாளிகளின் எக்ஸ்ரேயில் அந்த முடிச்சுகள் முட்டை ஓடு போலச் சுண்ணாம்பு கட்டித் தெரிவது மருத்துவர்கள் அறிந்த அடையாளம். வீட்டுக் குப்பையைக் கூட்டிக் கொல்லைப்புறத்தில் குவித்தால் வீடு சுத்தமாகலாம். குப்பை வாசலைத் தாண்டவில்லை.

இரண்டு, எலிக்குத் தூசி ஒருமுறைதான் போனது. மருந்து செலுத்துபவர் அதைத் தினமும் சுவாசிக்கிறார். குழாயை அடைக்காமல் தரையைத் துடைப்பதற்கும், அடைத்த பிறகு துடைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. என் லேப்டாப்பில் ஒருமுறை ஓடிய நிரலை அன்றைக்கே வங்கியின் சர்வரில் யாரும் ஏற்றமாட்டார்கள். எலியிலிருந்து மனிதருக்கு மட்டும் நாம் ஒரு ஃபார்வர்டில் தாவிவிடுகிறோம்.

மூன்று, அது நிலக்கரியும் சிலிக்காவும். பட்டாசு மருந்து வேறு சரக்கு: அலுமினியப் பொடி, கந்தகம், பொட்டாசியம் நைட்ரேட், பல காலம் பச்சை நிறத்துக்காகச் சேர்த்த பேரியம் நைட்ரேட். பேரியம் நைட்ரேட் தண்ணீரில் கரையும். உடம்புக்குள் போனால் ரத்தத்தில் கலக்கும். கரைந்து போனதை எது பிடித்துக் கீழே இறக்கும்? இங்கே ஒரு புத்திசாலி குறுக்கிடலாம்: பேரிய விஷம் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும், வாழைப்பழத்தில் பொட்டாசியம் உண்டு, ஆகவே முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை! கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பேரிய விஷம் ஏறியவருக்கு ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாகப் பொட்டாசியம் ஏற்றி, இதயத் துடிப்பைக் கண்காணிப்பார்கள். ஒரு பழத்தில் இருப்பது சுமார் 400 மில்லிகிராம். காரணம் ஒன்றைக் கற்பிக்க முடிவதாலேயே ஒரு விஷயம் வேலை செய்துவிடாது. உணவு பற்றிய அறிவுரைகளில் பாதி இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகின்றன.

நான்கு, எனக்கு முக்கியமானது. ‘வெல்லம் சாப்பிட்டவர்களுக்கு உபாதை இல்லை’ என்ற ஆரம்பக் கவனிப்பு யாரைப் பார்த்துச் சொன்னது? வேலையில் இருப்பவர்களை. இருமல் முற்றியவர் ஏற்கெனவே நின்றிருப்பார். செத்துப்போன சர்வர் லாக் அனுப்பாது. ஓடுகிற சர்வர்களின் லாக்கை மட்டும் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். ‘நாப்பது வருசமா பழம் தின்னேன், ஒண்ணும் ஆகலை’ என்று சொல்ல நாற்பது வருடம் தாக்குப்பிடித்தவரால்தான் முடியும்.

எலியும் வெல்லமும் இவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். 2015-இல் தில்லியின் மூன்று கைக்குழந்தைகள் பெயரில் தொடுக்கப்பட்ட வழக்கில், 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடைசெய்து, பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. அதை ஒட்டி நடந்த பொதுவிவாதம் தில்லியின் நுரையீரலுக்கும் சிவகாசியின் வயிற்றுக்கும் இடையிலான சண்டையாகவே இருந்தது. எங்களுக்கு வயிறு உண்டு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எங்களுக்கும் நுரையீரல் உண்டு என்பது பேச்சில் அதிகம் வரவில்லை. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி போல முப்பதுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் இறந்தால் நாடு திரும்பிப் பார்க்கிறது. தூசி அப்படிக் கொல்வதில்லை. தவணை முறையில் வருகிறது.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 14-ஆம் பிரிவில் தெளிவாகச் சொன்னது: தூசி உண்டாகும் இடத்தில் அதைத் தொழிலாளி சுவாசிக்காமல் தடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டும், உறிஞ்சும் கருவி தேவையென்றால் தூசி பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். பொறுப்பு நிர்வாகத்துடையது. வெல்லம் அந்தப் பொறுப்பை நைசாகத் தொழிலாளியின் தட்டுக்கு மாற்றிவிடுகிறது. நாளைக்கு இருமினால், ‘பழம் ஒழுங்கா சாப்பிட்டியா?’ என்று அவரையே கேட்கலாம்.

பட்டாசு அறையில் இது சுலபமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும் இடத்தில் சாதாரண மின்விசிறியைக்கூட மாட்ட முடியாது. வீட்டுத் திண்ணையில் திரி உருட்டுபவரிடம் எந்தப் பிரிவும் வந்து சேர்வதுமில்லை. அதனால்தான் இங்கே ஆராய்ச்சி வேண்டும் என்கிறேன்: தூசி கிளம்பாமல் கலப்பது எப்படி, மே மாத வெயிலில் எட்டு மணிநேரம் போட்டிருக்கக்கூடிய முகக்கவசம் எது என்று.

அத்தை பழம் சாப்பிடட்டும். பழம் நல்ல உணவு, அது போதும். கூடவே வேலையில் சேரும்போதும் ஆண்டுக்கு ஒருமுறையும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை வேண்டும். குழாயில் பலமாக ஊதுவது, அவ்வளவுதான். சில நிமிட வேலை. பத்து வருடக் கணக்கு கையில் இருந்தால், பழமா வெல்லமா என்ற கேள்விக்குக்கூட எலியை நம்பி இருக்க வேண்டாம். ஆனால் அந்தப் பட்டியலில் வேலையை விட்டு நின்றவர்களின் பெயர்களும் இருக்க வேண்டும்.