உப்புக்காற்றுக்கு எந்த உருக்கு?

சென்னை ராயபுரத்தின் கல்மண்டபம் நிறுத்தத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தால், கடல் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் கைவேலை கண்ணில் பட்டுவிடும். கடை ஷட்டரின் அடிப்பட்டை, ஜன்னல் கம்பி, பால்கனி கிரில், சைக்கிள் செயின் என எதைத் தொட்டாலும் விரலில் செம்பொடி ஒட்டும். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரம். இந்த ஊரில் வெளிவேலைக்கு ஒரு கத்தி வாங்குகிறவர், உலகம் முழுக்கச் சுற்றும் உருக்குத் தரப்பட்டியல்களை அப்படியே நம்பினால் ஏமாந்துபோவார். அந்தப் பட்டியல்களில் முதலிடம், எது அதிக நேரம் கூர் தாங்கும் என்ற கேள்விக்கு. ராயபுரத்தில் அந்தக் கேள்வி இரண்டாவதாகத்தான் வரும். முதல் கேள்வி துரு.

இங்கே ஒரு பொதுக் கத்திக்கு என்னென்ன வேலை? வலைக்கயிற்றை அறுக்க வேண்டும். அதன் புரிகளுக்குள் மணல் ஒளிந்திருக்கும். பெட்டி கட்டிய பிளாஸ்டிக் பட்டையை வெட்ட வேண்டும். சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக் குடல் நீக்க வேண்டும். விடுமுறையில் ஜவ்வாது மலைப் பக்கம் போனால் சுள்ளி சீவ வேண்டும், மாங்காய் நறுக்க வேண்டும். நான்கு அங்குல அலகு இதற்கெல்லாம் தாராளம். ஒப்பிட எடுத்துக்கொண்டவை நான்கு கத்திகள்: லாரியின் ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்தது, பவர் ஆக்சா பிளேடைத் தேய்த்துச் செய்தது, கத்திப் பிரியர்கள் கொண்டாடும் டி2 உருக்கு, ஸ்வீடனின் மோரா. நான்குக்கும் ஒரே கயிறு, ஒரே மீன், ஒரே ஈரம்.

உள்ளூர்க்காரரிடம் தொடங்கலாம். 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் அசோக் லேலண்ட் ஆன ஆலை எண்ணூரில்தான் இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதும் இதே சாலைகளில்தான். ஆகவே லாரிப் பட்டைக்கு இங்கே பஞ்சமே வராது. திருப்பாச்சி அரிவாள் தொடங்கித் தமிழகத்தின் பெரும்பாலான கொல்லர் பட்டறைகளின் மூலப்பொருள் இந்தக் கழித்த பட்டைதான். இந்தியத் தொழிற்சாலைகள் இஎன்45 என்று அழைக்கும் ரகம் இதில் அடிக்கடி வரும்: கரி சுமார் 0.55 சதவீதம், சிலிக்கன் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம், குரோமியம் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. டன் கணக்கில் பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர்வதற்காகவே பிறந்த உலோகம். அதனால்தான் இந்தக் கத்தியை விறகின் மேல் வைத்து இன்னொரு கட்டையால் தட்டினாலும் வாயில் பல் விழுவதில்லை.

இதன் உயிர் தோய்ச்சலில் இருக்கிறது. செக்கச் சிவக்கக் காய்ச்சிய அலகைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது கண்ணாடி மாதிரி உடையும் கடினத்துக்கு வந்துவிடும். பிறகு கொஞ்சம் தேய்த்துப் பளபளப்பாக்கி, மிதமான சூட்டில் காட்டினால் மேற்பரப்பில் நிறம் ஓடத் தொடங்கும். வைக்கோல் மஞ்சள் சுமார் 220 டிகிரி செல்சியஸில், நீலம் 300-ஐ ஒட்டி. வாய்ப்பக்கம் மஞ்சளிலும் முதுகுப்பக்கம் நீலத்திலும் நிற்கும்படி செய்துவிட்டால், வெட்டும் இடம் கடினமாகவும் அடி வாங்கும் இடம் நெகிழ்வாகவும் அமையும். வெப்பமானி இல்லாமல் கண்ணாலேயே இதைச் செய்யும் கொல்லரிடம் வாங்கிய கத்தி, தொழிற்சாலைக் கத்திகள் பலவற்றைத் தூக்கிச் சாப்பிடும். கை பழகாதவரிடம் வாங்கினால் அதே பட்டை, ஒரே மாங்காயில் மழுங்கிப்போகும். இந்த விலையில் உருக்கின் பெயரை விசாரிப்பதைவிடக் கொல்லரின் பெயரை விசாரிப்பது புத்திசாலித்தனம்.

இதில் இரண்டு சங்கடங்கள். கழித்த பட்டை பல லட்சம் குலுக்கல்களைத் தாங்கியது; உள்ளே மயிரிழை விரிசல் ஒளிந்திருக்கலாம், வெளியே தெரியாது. இரண்டாவது, காசிமேட்டுக் காற்று. மீன் வெட்டியபின் கழுவித் துடைக்காமல் ஓர் இரவு விட்டால் காலையில் ஆரஞ்சுப் புள்ளிகள் நிச்சயம். மாங்காயை நறுக்கினால் துண்டு கறுக்கும், இரும்பு வாடை ஏறும். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவுகிற பழக்கம் உள்ளவருக்கு இது பொருட்டல்ல. பழக்கம் உள்ளவருக்கும் ஒரு சோதனைக் காலம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகோடு சேர்ந்து படகில் போட்ட கத்தியும் ஓய்வெடுக்கும். அந்த ஓய்வில்தான் கரி உருக்குக் கத்திகள் குழி விழுந்து சாகின்றன.

அடுத்தது ஆக்சா பிளேடு. பட்டறைகளில் இரும்புத் தண்டை அறுக்கும் இயந்திர ரம்பத்தின் பிளேடு தேய்ந்ததும், அதைச் சாணையில் தேய்த்து, மரத்துண்டோ ரப்பர் டியூபோ சுற்றிக் கத்தியாக்குவது இந்தியத் தொழிற்பேட்டைகளின் பழைய கைப்பக்குவம். பிளேடு முழுவதும் அதிவேக உருக்காக இருந்தால், அது பெரும்பாலும் எம்2 போன்ற ரகம்: டங்ஸ்டன் ஆறு, மாலிப்டினம் ஐந்து, குரோமியம் நான்கு, வெனடியம் இரண்டு சதவீதம். மணல் புகுந்த கயிற்றில் நான்கு கத்திகளில் கடைசிவரை கூர் நின்றது இதுதான். அதில் வியப்பில்லை, இரும்பையே அறுக்கப் பிறந்த உலோகத்துக்கு நைலான் எம்மாத்திரம்? ஆனால் பக்கவாட்டில் நெம்பினால் முறிந்துவிடும். முறிந்த துண்டு எங்கே தெறிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நான்கு சதவீதக் குரோமியம் துருவுக்குக் காவல் நிற்காது. இன்னொரு பொறியும் இருக்கிறது. பைமெட்டல் பிளேடுகளில் பல்வரிசை மட்டுமே அதிவேக உருக்கு. முதுகு வேறு உலோகம். பல்லை முழுக்கத் தேய்த்துத் தள்ளிவிட்டுச் செய்த கத்தியில், நல்ல பகுதியெல்லாம் சாணைப் பொடியோடு போய்விட்டிருக்கும்.

இனி டி2. இந்தக் கட்டுரை எழுதப்படக் காரணமே இந்த உருக்குதான் எனலாம். கரி 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம். நடுத்தர விலைக் கத்திகளில் இன்று இதைத் தவிர்த்துவிட்டுக் கடையை விட்டு வெளியே வருவதே கடினம். துருப்பிடிக்காத உருக்கு என்ற பெயருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 10.5 சதவீதக் குரோமியம். அப்படியானால் 12 தாண்டியதே? வாங்குபவர் அப்படித்தான் கணக்குப் போடுகிறார். மீன் வெட்டி ஈரத்தோடு விட்டால் டி2 அலகில் பழுப்புப் புள்ளிகள் வந்தே தீர்கின்றன. பட்டைக் கத்தி அளவுக்கு இல்லை, ஆனால் வருகின்றன.

காரணம் இதுதான். குரோமியத்துக்குக் கரியின் மேல் தீராத ஆசை. இரண்டும் சேர்ந்து குரோமியம் கார்பைடு என்ற கடினமான துகள்களாகப் படிகின்றன. அந்தத் துகள்கள்தான் டி2-வின் கூரைத் தாங்குகின்றன. ஆனால் துகளுக்குள் போன குரோமியம் துருவைத் தடுக்க வராது. உலோகத்தில் கரைந்து நிற்கும் குரோமியம்தான் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலத்தை நெய்து காவல் காக்கும். சம்பளச் சீட்டில் அச்சான தொகைக்கும் பிடித்தம் போக வங்கிக்கு வரும் தொகைக்கும் உள்ள வித்தியாசம் இது. டி2-வில் கரி அதிகம் என்பதால் பிடித்தமும் அதிகம். இதற்கு நேர்மாறான சாட்சி, லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021-ல் வெளிவந்த மேக்னாகட் உருக்கு. அதில் குரோமியம் 10.7 சதவீதம்தான். ஆனால் குரோமியம் கார்பைடே உருவாகாதபடி கலவையை அமைத்து, கடினத் துகள் வேலையை வெனடியத்திடமும் நியோபியத்திடமும் ஒப்படைத்துவிட்டார். அதனால் 12 சதவீத டி2 துருப்பிடிக்கும் இடத்தில் 10.7 சதவீத மேக்னாகட் பளபளவென்று நிற்கிறது.

கரியை ஏற்றினால் கூர் நிற்கும் என்ற அறிவு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கொடுமணலிலும், பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரில் சாரதா ஸ்ரீனிவாசன் ஆராய்ந்த எச்சங்களிலும் மூசையில் உருக்கு வார்த்த தடயங்கள் உள்ளன. அந்த மரபின் உருக்கில் கரி ஒரு சதவீதத்தைத் தாண்டியது. 1819 வாக்கில் மைக்கேல் ஃபாரடேயும் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் லண்டனில் அதன் ரகசியத்தைத் தோண்டினார்கள். துருவை வென்றது மட்டும் வெகு பின்னால். 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் அரிப்பை ஆராயும்போது 12.8 சதவீதக் குரோமியக் கலவையை வார்த்தார். கரி குறைவாக இருந்ததால் அதில் செய்த முதல் கத்திகளில் கூர் நிற்கவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊரே அவரைக் கிண்டலடித்தது. கூருக்குக் கரி, துருவுக்குக் குரோமியம். ஒன்று இன்னொன்றை விழுங்கும். நூறாண்டுகளுக்கு மேலாகக் கத்தி உருக்குகள் தீர்க்கப் பார்ப்பது இந்தப் பங்காளிச் சண்டையைத்தான்.

அந்தச் சண்டையில் நடுவழி கண்டது மோராவின் 12சி27. ஸ்வீடனின் மோரா ஊரில் 1891 முதல் கத்தி செய்கிறவர்களின் கம்பேனியன் ரகக் கத்தி, பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும்: பிளாஸ்டிக் பிடி, பிளாஸ்டிக் உறை, பத்து சென்டிமீட்டர் அலகு. கரி 0.6 சதவீதம், குரோமியம் 13.5. கரியை அளவோடு நிறுத்தியதால் பெரிய கார்பைடுகள் இல்லை. குரோமியம் பெரும்பாலும் காவல் வேலைக்கே மிஞ்சுகிறது. மீன் வெட்டித் தண்ணீரில் அலசி அப்படியே உறையில் போட்டாலும், மறுநாள் வெளியே வரும்போது அலகு சுத்தம். மணல் கயிற்றில் ஆக்சா பிளேடுக்கும் டி2-வுக்கும் முன்பே மழுங்கியது உண்மை. ஆனால் சாதாரணக் கார்போரண்டம் கல்லில் சில இழுப்பு இழுத்தால் மீண்டும் காகிதம் சீவுகிறது. சுள்ளி சீவுவதில் நான்கில் இதுவே முதல்; அதற்கு உருக்கைவிட, வாய்வரை நேராக இறங்கும் மெல்லிய சரிவுதான் காரணம். இதே குடும்பத்தின் 14சி28என் உருக்கில் 0.11 சதவீத நைட்ரஜன் சேர்த்துத் துரு எதிர்ப்பை இன்னும் கூட்டியிருக்கிறார்கள். இரண்டும் கிடைத்தால் கல்மண்டபத்துக்காரர் அதையே எடுக்கலாம்.

இதற்கும் மேலே ஒரு மாடி உண்டு. விண்வெளித் தாங்குருளைகளுக்காகப் பிறந்த எல்சி200என், ஜப்பானிய எச்1 போன்றவற்றில் கரியின் இடத்தைப் பெருமளவு நைட்ரஜன் பிடித்துக்கொள்கிறது. கடல் நீரிலேயே கிடந்தாலும் அவை அசைவதில்லை. விலை, மோராவைப் பலமுறை பெருக்கினால் வருவது. முக்குளிப்பவருக்கு நியாயம். கயிறும் மாங்காயும் அறுக்க அது ஆடம்பரம்.

கூர் தாங்குவதை அளக்க ஆய்வகங்கள் சிலிக்கா துகள் கலந்த அட்டையை இயந்திரத்தால் வெட்டிப் பார்க்கின்றன. மணல் கயிற்றுக்கு அந்த எண் ஓரளவு பொருந்தும். ஆனால் அட்டை உலர்ந்தது. உப்புநீரில் வாயின் மெல்லிய நுனியைத் துருவே தின்றுவிடுகிறது. ஒரு பொருளையும் வெட்டாமலேயே கத்தி மழுங்கியிருப்பதைக் கடலோரத்தில் எவரும் பார்த்திருப்பார்கள். வெட்டும் நேரத்தில் தேய்வதைவிடச் சும்மா கிடக்கும் நேரத்தில் அரிப்பதுதான் இங்கே அதிகம் என்பதால், பட்டியலில் கீழே நிற்கும் 12சி27 கையில் மேலே வந்துவிடுகிறது.

சாணை பற்றி ஒரு வார்த்தை. தெருவில் சக்கரம் சுழற்றிப் பொறி பறக்கத் தீட்டினால், மெல்லிய வாய் கண நேரத்தில் சூடேறித் தோய்ச்சலை இழக்கும். நுனியில் நீலம் தெரிந்தால் அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று பொருள். பட்டைக் கத்திக்கும் மோராவுக்கும் இது ஆபத்து. 500 டிகிரிக்கு மேல் பதப்படுத்தப்படும் எம்2-வுக்கு மட்டும் கவலையில்லை. டி2-வையும் எம்2-வையும் சாதாரணக் கல்லில் தீட்டினால் தோள்தான் வலிக்கும், வைரத்தட்டு வேண்டும். அந்தத் தட்டின் விலையையும் கத்தி விலையோடு சேர்த்துக் கணக்கிடுவது நல்லது.

உருக்கைவிட உறை கெடுத்த கத்திகளும் ஏராளம். தோல் உறை அழகுதான்; உப்பையும் ஈரத்தையும் உறிஞ்சிவைத்து இரவு முழுக்க அலகுக்கு ஊட்டும். ரிவெட் அடித்த மரப்பிடியின் அடியில் புகுந்த உப்புநீர் வெளியே வர வழியில்லாமல் உள்ளிருந்தே அரிக்கும். அலகைச் சுற்றி வார்த்த பிளாஸ்டிக் பிடியும், அடியில் ஓட்டை வைத்த பிளாஸ்டிக் உறையும் பார்க்கச் சுமார்தான். துறைமுகத்துக்கு அவையே பொருத்தம்.

ஆக, ஒரே கத்தி என்றால் மோரா. விறகு பிளக்கவும் இளநீர் சீவவும் வேண்டுமானால் அதனோடு ஒரு பட்டை அரிவாள். இரண்டும் சேர்ந்தால்கூட ஒரு உயர்ரகக் கத்தியின் விலை வராது. டி2 வேண்டாம் என்பதில்லை. கடலை விட்டுத் தாம்பரத்துக்கு அப்பால் குடியிருந்து, துடைக்கும் பழக்கமும் இருந்தால் நல்ல கத்திதான்.

வாங்கும்போது, வெறுமனே ஸ்டெயின்லெஸ் என்று மட்டும் பொறித்த அலகை ஒரு காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். சேலத்து ஆலையில் தகடாகும் 304 ரகம் பாத்திரத்துக்கு அருமை. ஆனால் எந்தத் தோய்ச்சலாலும் அதைக் கடினமாக்க முடியாது. காந்தம் ஒட்டவே இல்லை என்றால் பெரும்பாலும் அந்த இனம்தான், வைத்துவிட்டு வரலாம். அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால், வீட்டு, வேளாண், தொழில் உபயோகத்துக்கானவை தவிர மற்றவற்றை ஆயுத விதிகள் தனியே பட்டியலிடுகின்றன. வாங்கிய கத்தி சின்னதே என்றாலும், வீடு திரும்பும்போது தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்தின் சோதனைக் கருவியில் பையை வைக்க வேண்டாம். திருவொற்றியூர் பேருந்தே மேல்.