நீக்கப்பட்ட பொத்தானும் பயனர் வழக்கும்: விண்டோஸ் 8 முன்னோட்டப் பதிப்புகள் பெற்ற எதிர்வினைகள்

மென்பொருள் ஒன்று விற்பனைக்கு வருமுன் அதன் முன்னோட்டப் பதிப்பைப் பலருக்கும் வழங்கி, அவர்கள் கூறுவதைக் கேட்டறிவது கணிப்பொறித் துறையில் நிலைபெற்றுவிட்ட வழக்கம். அவ்வாறு கூறப்படும் கருத்துகளைப் பொறியியல் நோக்கிலும் வணிக நோக்கிலும் படிப்பவர்கள் பலர். மொழியியல் நோக்கில் படிப்பவர்கள் மிகச் சிலரே. ஒரு குறியமைப்பை நெடுங்காலம் பயின்றவர்கள், அதன் உறுப்பொன்று ஒரே நாளில் நீக்கப்பட்டபோது, எதை இழந்தோம் என்பதைத் தம் சொற்களிலேயே எடுத்துரைக்கும் சான்று இயற்கை மொழிகளின் வரலாற்றில் அரிதாகவே கிடைக்கும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 8 இயக்க அமைப்பு 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் அத்தகைய சான்றினை மிகுதியாக அளித்தது. அதனை நிறுவனமும் அதன் எதிர்ப்பாளரும் ஒருங்கே பிழைபடப் படித்தனர் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். நிரலாளர்க்கான முன்னோட்டப் பதிப்பு 2011 செப்டம்பர் 13 அன்று கலிபோர்னியாவின் அனகைம் நகரில் வெளியிடப்பட்டது. அதில் திரையின் இடக்கீழ் மூலையில் ஸ்டார்ட் பொத்தான் இருந்தது. ஆனால் அதனை அழுத்தினால் பழைய பட்டியல் விரியாமல், திரை முழுவதையும் மறைக்கும் வண்ணக் கட்டங்களின் பரப்பொன்று தோன்றியது. பொதுப் பயனர்க்கான முன்னோட்டம் 2012 பிப்ரவரி 29 அன்று வந்தது. ஒரு நாளுக்குள் 10 லட்சம் முறை அது பதிவிறக்கப்பட்டதாக நிறுவனம் அறிவித்தது. இப்பதிப்பில் பொத்தானும் இல்லை. சுட்டியை வெற்று மூலைக்குக் கொண்டுசென்றால் மட்டுமே அங்கு ஒரு சிறுபடம் எட்டிப்பார்த்தது.

இப்பொத்தானின் பிறப்பை அறிந்தால்தான் அதன் நீக்கத்தின் பொருள் விளங்கும். 1995 ஆகஸ்ட் 24 அன்று விற்பனைக்கு வந்த விண்டோஸ் 95 உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், தொடக்கநிலை வடிவங்களில் மூன்று தனிப் பொத்தான்கள் இருந்தன. கணிப்பொறியின் முன் அமர்த்தப்பட்ட புதியவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று அறியாமல் திகைத்தனர். அத்திகைப்பைக் கண்ட பின்னரே மூன்றும் ஒன்றாக்கப்பட்டு, ‘ஸ்டார்ட்’ என்னும் சொல் அதன்மேல் எழுதப்பட்டது. கணிப்பொறியை அணைப்பதற்கும் இப்பொத்தானையே அழுத்த வேண்டியிருந்தது. நிறுத்துவதற்குத் தொடக்கத்தை அழுத்துவதா என்று பலரும் நகையாடினர். நகைப்பில் நியாயம் இருந்தபோதிலும், மொழியியலாருக்கு இதில் வியப்பில்லை. சில ஆண்டுகளில் அச்சொல் தன் அகராதிப் பொருளை இழந்து, ‘வழி தெரியாதபோது திரும்பி வரவேண்டிய இடம்’ என்னும் இலக்கணப் பொருளைப் பெற்றுவிட்டது. விண்டோஸ் விஸ்டாவில் அச்சொல்லே அகற்றப்பட்டு வட்டச் சின்னம் மட்டும் எஞ்சியபோதும் பயனர்கள் அதனை ஸ்டார்ட் என்றே அழைத்தனர்.

இனி நிறுவனத்தின் வாதத்திற்கு வருவோம். 2011 அக்டோபரில் வெளியிட்ட விளக்கத்தில், விஸ்டாவிலிருந்து விண்டோஸ் 7க்கு வந்தபோது ஸ்டார்ட் பட்டியலின் பயன்பாடு 11 விழுக்காடு குறைந்திருப்பதாக அது கூறியது. அடிக்கடி வேண்டும் மென்பொருள்களைப் பயனர்கள் திரையின் அடிப்பட்டையிலேயே பொருத்திவைத்துக்கொண்டனர். ஆகவே பட்டியலுக்குச் செல்லும் தேவை குறைந்தது என்பது வாதம். இவ்வெண்கள் பயனர்கள் தாமே இசைந்து அனுப்பிய பதிவுகளிலிருந்து பெறப்பட்டவை. இசையாதவர்கள் இக்கணக்கில் இல்லை என்று அப்போதே பலர் சுட்டினர். அது சரியான மறுப்பே எனினும் முதன்மையான மறுப்பன்று. எண் முற்றிலும் சரியானது என்றே கொள்வோம். அதிலிருந்து பெறப்படும் முடிவு சரியானதா?

ஒரு குறியின் நிகழ்வெண் வேறு, அமைப்பில் அதன் மதிப்பு வேறு. சசூர் முதல் நாம் கற்றுவரும் பாலபாடம் இது. தமிழில் ஆய்த எழுத்து வருமிடங்களை எண்ணினால் கிடைப்பது மிகச் சிறிய எண்ணே. எஃகு, அஃது போன்ற சில சொற்களோடு அதன் பழைய ஆட்சி முடிந்துவிடுகிறது. எண்ணிக்கையைக் கொண்டு அதனை நீக்கியிருப்போமாயின், பிறமொழி ஒலியொன்றைக் குறிக்க அதனைப் பகரத்தின் முன் இட்டு எழுதும் இக்கால வழக்குத் தோன்ற இடமே இருந்திராது. ஸ்டார்ட் பட்டியல் வழக்கமான வேலைக்கு வேண்டப்படாமல் போயிருக்கலாம். அரிதாக வேண்டப்படுவன யாவும் அங்கேதான் இருந்தன: அணைத்தல், அமைப்புகளை மாற்றுதல், பெயர் மறந்த மென்பொருளைத் தேடுதல் ஆகியவை. அரிதாக நாடப்படுவதே அதன் தொழிலாக இருக்கும்போது, அரிதாக நாடப்பட்டது என்பது அதற்கு எதிரான சான்றாகாது. சொற்பெருந்தரவகங்களைத் தொகுத்துப் பட்டியலிடும் நம் துறையினரும் இப்பிழையிலிருந்து முற்றிலும் விடுபட்டவர்கள் அல்லர்.

சோதித்தவர்களின் கூற்றுகளைப் படிக்கும்போது அவற்றுள் இருவகை கலந்திருப்பதைக் காணலாம். ஒன்று, தூய்மைவாதியின் குரல். ‘வண்ணக் கட்டங்கள் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்போல் உள்ளன’, ‘கைப்பேசியின் முகத்தை மேசைக் கணிப்பொறிக்கு ஏன் ஒட்டினீர்கள்’ என்னும் பாங்கில் அமைந்த கூற்றுகள் இவ்வகையின. புதிய வழக்கு நுழையும்போதெல்லாம் எழும் கண்டனங்களிலிருந்து இவை வேறுபடவில்லை; ஆண்டுகள் சில சென்றால் தாமே அடங்கிவிடும். மற்றொன்று, முரண் ஒன்று அழிந்துவிட்டது என்னும் அறிவிப்பு. ‘இருக்கும் இடத்திலிருந்து மீள்வது எப்படி’, ‘அணைப்பது எங்கே’ என்பன இவ்வகை. அணைப்பதற்கு வலப்புற மூலையிலிருந்து ‘சார்ம்ஸ்’ எனப்பட்ட பட்டையை வரவழைத்து, அமைப்புகள் என்பதைத் திறந்து, மின்சக்திக் குறியை அழுத்த வேண்டியிருந்தது. தேடல், பகிர்வு, தொடக்கம், கருவிகள், அமைப்புகள் ஆகிய ஐந்து உறுப்புகளுக்கு மந்திரம், மாயத்தாயத்து என்னும் பொருளுடைய பெயரை ஏன் சூட்டினர் என்பது விளங்கவில்லை. மந்திரத்தைப் போலவே அறிந்தவர்க்கு மட்டுமே அது வாய்த்தது என்பது உண்மை.

இரண்டாம் வகையை நிறுவனம் முதல் வகையாகவே படித்தது. பழக்கம் வந்தால் குறை நீங்கும் என்று நம்பியது. பழக்கத்தால் ஒரு குறிப்பானுக்குப் பதில் மற்றொன்றைக் கற்க இயலும். குறிப்பானே இல்லாத இடத்தில் எதனைக் கற்பது? 2012 மார்ச்சில் தொழில்நுட்ப விமரிசகர் ஒருவர் தம் தந்தையைக் கணிப்பொறியின் முன் அமர்த்திப் படம்பிடித்த சிறு காட்சி பரவலாகப் பார்க்கப்பட்டது. மேசைத்திரைக்குச் சென்ற அம்முதியவரால் தொடக்கத் திரைக்கு மீள இயலவில்லை. அவர் புதுமையை வெறுத்தவராகத் தோன்றவில்லை. பொறுமையாகத் திரையெங்கும் தேடினார். தேடியது திரையில் எழுதப்படவே இல்லை. இறுதிப் பதிப்பு 2012 அக்டோபர் 26 அன்று விற்பனைக்கு வந்த பின், பயன்பாட்டியல் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் பழகிய பயனர் 12 பேரைக் கொண்டு செய்த சோதனையும் இதையே காட்டியது. ஒரு நேரத்தில் ஒரு சாளரம் மட்டுமே முழுத்திரையை அடைப்பதால் பெயரைப் பன்மையிலிருந்து ஒருமைக்கு மாற்றலாம் என்றும் அவர் குறித்தார். இலக்கணம் அறிந்த பகடி!

எதிர்ப்பாளரும் தம் வாதத்தைக் கெடுத்துக்கொண்டனர். முன்னோட்டப் பதிப்பை நிறுவிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் விசைப்பலகைக் குறுக்குவழிகளை மனப்பாடமாக அறிந்த வல்லுநர்கள். அவர்களுக்குப் பொத்தான் இன்றியமையாததன்று. விண்டோஸ் விசையை அழுத்தினால் போதும். நிரலாளர் முன்னோட்டத்தில் பதிவேட்டின் ஒரு மதிப்பைச் சுழியாக்கினால் பழைய பட்டியல் மீளும் என்பதையும் அவர்களே கண்டறிந்தனர். அடுத்த பதிப்பில் அவ்வழி அடைக்கப்பட்டது. தமக்கு எளிதில் தீர்ந்துவிட்ட இடர்ப்பாட்டை அவர்கள் தம் இடர்ப்பாடாகவே பேசியதால், ‘கற்றவர்களின் பிடிவாதம்’ என்று அதனை ஒதுக்குவது எளிதாயிற்று. பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொண்டது. புதிய பாணிக்கு வழங்கிய ‘மெட்ரோ’ என்னும் பெயரை நிறுவனம் 2012 ஆகஸ்டில் கைவிட்டது. அதன்பின் வந்த மாற்றுப் பெயர்கள் எவையும் வழக்கில் ஊன்றவில்லை. குறை கூறுபவர் எதைக் கூறுகிறார் என்று சொல்வதற்கே நிறுவனம் தந்த சொல் இல்லை. பயனர்கள் மெட்ரோ என்றே தொடர்ந்தனர்.

வழக்கில் இடைவெளி தோன்றும்போது பேசுவோர் தாமே அதனை நிரப்புவர். இங்கும் அதுவே நடந்தது. கிளாசிக் ஷெல், ஸ்டார்ட்8 முதலிய சிறு மென்பொருள்கள் பொத்தானையும் பட்டியலையும் மீட்டுத் தந்தன. நிறுவனம் 2013 அக்டோபர் 17 அன்று வெளியிட்ட விண்டோஸ் 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது. அழுத்தினால் பட்டியலன்று, அதே முழுத்திரைக் கட்டங்களே வந்தன. குறிப்பானை மீட்டுக் குறிப்பீட்டை மீட்காத இச்செயலை ஏளனம் செய்தவர் பலர். இதனை முற்றிலும் பயனற்றதென்று நான் கருதவில்லை. மீளுமிடம் கண்ணுக்குத் தெரிந்தது. பொத்தானை வலப்பக்கச் சொடுக்கால் அழுத்தி அணைக்கவும் முடிந்தது. முன்னர்க் கூறிய இரண்டாம் வகைக் குறைகளுள் பெரும்பகுதி இதனாலேயே தீர்ந்தது. 2015 ஜூலை 29 அன்று வந்த விண்டோஸ் 10இல் பட்டியலும் மீண்டது; வண்ணக் கட்டங்கள் அதன் ஓரத்தில் ஒதுங்கின; சார்ம்ஸ் மறைந்தது.

2021 ஜூனில் விண்டோஸ் 11இன் முன்னோட்டம் வந்தபோது பொத்தான் மூலையிலிருந்து திரையடியின் நடுவுக்கு நகர்ந்திருந்தது. இடப்பக்கத்திற்கே மாற்றிக்கொள்ளும் வசதியும் உடன் வழங்கப்பட்டது. மூலைக்குச் சென்று பழகிய கை தடுமாறுகிறது என்று சோதித்தவர்கள் குறைகூறினர். அது பழக்கம் பற்றிய குறை. அக்குறைக்குப் பழக்கமே மருந்தாகவும் கூடும்.