அணிந்துரையா, செம்மையாக்கமா?

நாவல் ஒன்றை எழுதி முடித்தவர் அடுத்து என்ன செய்கிறார்? பெரும்பாலும் அணிந்துரை தேடிப் புறப்படுகிறார். குருவானவர் ஒருவர், பேராசிரியர் ஒருவர், கவிஞர் ஒருவர் என மூவர் வாழ்த்தியதும் கையெழுத்துப் படி அச்சகம் சேர்ந்துவிடுகிறது. எழுத்துப் பிழைகளை யாரேனும் பார்ப்பார். கதை எங்கே தொய்கிறது, எந்தப் பாத்திரம் தன் குரலை விட்டு ஆசிரியரின் குரலில் பேசுகிறது என்று கேட்பார் இல்லை.

அக்கேள்வியின் தேவையைக் கைலாசபுரத்து மக்கள் நன்கு உணர்வர். பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையில் வெல்டர் எத்துணைத் தேர்ந்தவராயினும், அவரிட்ட இணைப்பை மற்றொருவர் ஊடுகதிர்ப் படமெடுத்துச் சோதிக்கிறார். அது அவருக்கு இழுக்கன்று. அழுத்தம் தாங்க வேண்டிய குழாய்க்குச் செய்யும் கடமை.

தமிழ்ப் பதிப்புலகில் இக்கடமையைத் தம் தொழிலாகவே மேற்கொண்டவர், 1974-இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கி 2020-இல் மறைந்த எஸ். ராமகிருஷ்ணன். கையெழுத்துப் படியை வரிவரியாக ஆராய்ந்து, ஆசிரியரோடு விவாதித்த பின்னரே அச்சேற்றுவது அவர் வழக்கம். திருச்சியில் கல்லூரிக் கல்வி பயின்ற இமையத்தின் முதல் நாவலான ‘கோவேறு கழுதைகள்’ 1994-இல் அங்கிருந்துதான் வெளிவந்தது.

அது ஆரோக்கியம் என்னும் கத்தோலிக்கப் பெண்ணின் கதை. ஒடுக்கப்பட்டோருக்கே துணி வெளுத்து, அவர்களிடம் சோறு வாங்கி வாழும் குடும்பம் அவளுடையது. இளைய மகனைக் குருவாக்கிப் பார்க்கும் ஆசை அவளுக்கு. பிரசங்கத்துக்கு இதைவிட வாய்ப்பான பொருள் உண்டோ? ஆயினும் ஆசிரியர் எங்கும் குறுக்கே நின்று போதிப்பதில்லை. ஆரோக்கியத்தின் புலம்பல் அவளது வட்டார வழக்கிலேயே ஒலிக்கிறது. அதை ஏட்டுத் தமிழாக்கி எவரும் மழுங்கடிக்கவில்லை. செம்மையாக்கத்தின் உரைகல் இதுவே. குறை களையப்பட்ட பின்னரும் குரல் எஞ்சியிருக்க வேண்டும்.

திருவிவிலியத்திலும் இத்தகைய உழைப்புக்குச் சான்றுண்டு. சீரேனைச் சேர்ந்த யாசோனின் ஐந்து நூல்களை ஒன்றாகச் சுருக்கியவர், அது வியர்வையும் கண்விழிப்பும் கேட்ட பணி என்று மக்கபேயர் இரண்டாம் நூலின் 2-ஆம் அதிகாரத்தில் கூறுகிறார். முடிவிலோ, தம் நூல் நன்றாயின் மகிழ்ச்சி, இன்றேல் தம்மால் இயன்றது அவ்வளவே என்று தாழ்ந்து நிற்கிறார். பிறர் எழுத்தைத் தொடுவோர்க்கு வேண்டிய மனநிலை அதுவன்றோ?

ஆகவே, எழுதும் அன்பர்கள் அணிந்துரைக்கு முன் கருத்துரை கேட்கட்டும். உறவினரை விடுத்து, தொழிலறிந்த ஒருவரை நாடட்டும். அவர் உழைப்புக்கு உரிய ஊதியமும் தரட்டும். அவர் சுட்டிய இடங்களை ஆற அமர எண்ணிப் பார்க்கட்டும். எதை ஏற்பது என்னும் இறுதி முடிவு எழுதியவருடையதே. அதுபோல், படியை வாசிக்கும் குருக்களும் அறிஞர்களும் வாழ்த்தோடு நின்றுவிடாமல், தம் ஐயங்களையும் அன்போடு எழுதித் தரலாம்.

நம் பங்குகளில் இன்னும் எழுதப்படாத ஆரோக்கியங்கள் பலர் உளர். அவர்கள் வாழ்வை அரைகுறையாக அச்சேற்றினால் இழப்பு நூலாசிரியருக்கு மட்டுமன்று. ஒருமுறை மட்டுமே சொல்லப்படக்கூடிய அந்த எளியோரின் உண்மைக்கும்தான்.