ஒலியும் கையும்: இருமொழியாளர் மனம் பற்றிய ஆய்வுகள் – ஒரு மதிப்பீடு

எழுத்துகளின் பிறப்பைக் கூறப் புகுந்த தொல்காப்பியர், உந்தியினின்று எழும் காற்று பேச்சுறுப்புகளிற் பொருந்தி ஒலியாகும் முறையைப் பிறப்பியலில் விளக்கினார். பின்வந்த இலக்கண ஆசிரியர்களும் ஒலியையே மொழிக்கு முதலாகக் கொண்டனர். ஆயின், ஒலி மொழிக்கு உயிரா, உடலா என்னும் வினா இன்று எழுந்துள்ளது. வாயால் ஒரு மொழியும் கையால் ஒரு மொழியும் பேசுவோரின் மனத்தை ஆராய்ந்த அறிஞர்கள் இவ்வினாவிற்கு விடை காண உதவியுள்ளனர். அவர்தம் முடிவுகளுள் கொள்ளத்தக்கன யாவை, ஐயுறத்தக்கன யாவை என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சைகைமொழி என்றவுடன் நம்மனோர்க்கு மெய்ப்பாடு நினைவிற்கு வருதல் இயல்பு. ஆனால் இரண்டும் வேறு. மெய்ப்பாடு, உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுதல்; சைகைமொழியோ தனக்கென இலக்கணம் உடையது. வாசிங்டன் நகரத்துக் காலடெட் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கோ 1960-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கச் சைகைமொழியின் சைகைகள் கையின் வடிவம், அஃது அமையும் இடம், அசைவு என்னும் கூறுகளாகப் பகுக்கப்படுவன எனக் காட்டினார். 'கல்', 'பல்' என்பவற்றில் முதலெழுத்து மாறப் பொருள் மாறுதல் போலச் சைகையிலும் ஒரு கூறு மாறப் பொருள் மாறும். பாய்சனர், கிளைமா, பெலுகி ஆகியோர் 1987-இல் வெளியிட்ட நூல், மூளையின் இடப்பாகம் பழுதுற்ற காதுகேளாதோர் சைகைமொழித் திறனில் குறைவுற்றமையை எடுத்துரைத்தது. பேச்சுத்திறன் இழப்பும் பெரும்பாலும் அப்பாகத்துப் பழுதாலேயே நேர்வதாகும். ஆதலின், கருவி வேறாயினும் மொழித்தொழில் பெரிதும் ஒன்றே என்பது பெறப்படும்.

தமிழும் ஆங்கிலமும் அறிந்தவர்க்கு வாய் ஒன்றே. 'மரம்' எனச் சொல்லும்பொழுதே அதற்குரிய ஆங்கிலச் சொல்லையும் சொல்லுதல் இயலாது. ஒன்று வெளிப்பட மற்றொன்று அடங்கியே ஆகவேண்டும். காதுகேளாப் பெற்றோர்க்குப் பிறந்த, செவிப்புலன் உடைய மக்கள் பலர்க்கு இத்தடை இல்லை. அவர்க்கு ஒரு மொழி வாயில், மற்றொன்று கையில். கேரன் எம்மோரி முதலியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்தகையோர் தமக்குள் உரையாடுங்கால் பேச்சை நிறுத்திச் சைகைக்கு மாறுதல் அரிது. பேசிக்கொண்டே சைகையும் செய்தனர். அவ்வாறு உடன்நிகழ்ந்த சொல்லும் சைகையும் பெரும்பாலும் ஒருபொருளனவே. இரு மொழிகளுள் ஒன்றை அடக்குதல் மனத்தின் இயற்கை அன்று. வாய் ஒன்றேயாதலின் விளைந்த கட்டாயம் என்பது இதனாற் புலனாகும்.

இனி, கருவிகள் வேறாதலின் இரு மொழிகளும் மனத்தில் தனித்தனி அறைகளில் உறைகின்றன என ஒருவர் கருதலாம். அக்கருத்தை ஜில் மார்போர்டு முதலியோரின் 2011-ஆம் ஆண்டு ஆய்வு மறுக்கிறது. காதுகேளாத இருமொழியாளர்க்கு ஆங்கிலச் சொற்களை இவ்விரண்டாக எழுத்திற் காட்டி, அவை பொருளால் தொடர்புடையனவா என வினவினர். திரைப்படம், தாள் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் தம்முள் தொடர்பற்றவை. ஆயின் அவற்றிற்குரிய அமெரிக்கச் சைகைகள் வடிவால் ஒத்தவை. இத்தகைய இணைகளைத் 'தொடர்பற்றன' எனக் கூற அவர்கள் கூடுதலான நேரம் கொண்டனர். எழுத்தைப் படிக்கும்பொழுதே, எவரும் கேளாத சைகை உள்ளத்தில் எழுந்தது என்பதன்றி இதற்கு வேறு காரணம் கூறுதல் அரிது. இவ்வாய்வு வலிமையானது, அதன் முடிவு கொள்ளத்தக்கது.

எம்மோரி முதலியோர் 2008-இலேயே வெளியிட்ட மற்றோர் ஆய்வு அத்துணை உறுதியுடையது அன்று. பல அம்புக்குறிகளின் நடுவே நிற்கும் ஒன்றன் திசையைக் கூறுமாறு மூவகை மக்களைப் பணித்தனர். இரு பேச்சுமொழி அறிந்தோர் விரைந்து கூறினர். சைகையும் பேச்சும் அறிந்தோர் ஒருமொழியாளரினும் விரைவு காட்டவில்லை. ஒரு மொழியை இடையறாது அடக்கும் பயிற்சியே முன்னையோர்க்குக் கவனத்தை வளர்த்தது என்பது ஆய்வாளர் கருத்து. கருத்து அழகியது, சான்று போதாது. மூவகை மக்களும் மொழியால் மட்டுமன்றி வளர்ப்பு, சூழல் முதலியவற்றாலும் வேறுபடுதல் கூடும். மேலும், இருமொழியாளர்க்கு அத்தகைய மேம்பாடு உண்டு என்பதற்கே ஒத்திசைந்த சான்று இல்லை எனப் பாப், கிரீன்பர்க் ஆகியோர் 2013-இல் வாதிட்டனர்.

ஒருவரைப் பிறரோடு ஒப்பிடுதலினும் அவரை அவரோடே ஒப்பிடுதல் இவ்வினாவிற்குத் தக்க முறையாகும். பிளாங்கோ-எலோரியெட்டா, எம்மோரி, பில்கானென் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அத்தகையது. பேச்சும் சைகையும் ஒருங்கே இயலுமாதலின், ஒரு மொழியை நிறுத்துதலையும் மற்றொன்றைத் தொடங்குதலையும் வேறு பிரித்து அவர்கள் அளந்தனர். மூளைக்குச் சுமையாவது நிறுத்துதலே, தொடங்குதல் அன்று எனக் கண்டனர். இரு பேச்சுமொழியாளரிடம் இவ்விரு செயல்களும் பிரிவின்றி நிகழ்தலின், இவ்வுண்மை அவரிடம் வெளிப்பட வழியில்லை.

இது வெறும் ஆய்வுக்கூடச் செய்தி அன்று. 1880-இல் மிலான் நகரிற் கூடிய காதுகேளாதோர் கல்வி மாநாடு, சைகையை விலக்கிப் பேச்சையே கற்பிக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. கை பேசினால் வாய் பேசாது என்னும் அச்சம் அதன் அடியில் இருந்தது. பள்ளிகள் பலவற்றிற் சைகை தடுக்கப்பட்டது. பல தலைமுறைக் குழந்தைகள் தமக்கு எளிதில் வாய்க்கக்கூடிய மொழியை இழந்தனர். 2010-இல் வான்கூவரிற் கூடிய மாநாடே அத்தீர்மானங்களை மறுத்தது. மேற்கூறிய ஆய்வுகள் இரு மொழியிலும் தேர்ந்தோரைப் பற்றியன. அவற்றைக் கொண்டே கல்விமுறை முழுவதையும் வகுத்தல் பொருந்தாது. எனினும், இரு மொழிகள் ஒரு மனத்தில் பகையாகவே உறையும் என்னும் கூற்றிற்கு அவை இடந்தரவில்லை என்று துணியலாம்.

தொல்காப்பியர் தமிழுக்கு இலக்கணம் வகுத்தார்; தமிழ் ஒலியால் ஆயது; ஆதலின் அவர் கூறியதிற் குறையில்லை. அவர் கைமொழியையும் முன்னரே அறிந்து கூறினார் என வலிந்து உரைத்தலும் வேண்டா. தமிழின் உடலைப் பற்றிக் கூறப்பட்டதை எல்லா மொழிக்கும் உயிராகக் கொண்ட நம் பழக்கமே திருத்தத்தக்கது.